ஒட்டுக்கடை மேசையும் ஓட்டுச் சாவடியும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

"கோயில் மண்டபம் சார், கட்சி பேசிடாதீங்க" என்று தலைவர் கேட்டுக்கொண்டார். எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கட்சிச் சண்டையைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் வராது. அடுத்த பொதுத்தேர்தல் பேச்சு இப்போதே டீ குடிக்கும் எல்லாத் தெருவோர ஒட்டுக்கடைகளிலும் சூடேறிக் கிடக்கிறது. போன தேர்தலில் அந்தச் சூடு என் குடும்பத்தையே சுட்டது.

2022 நவம்பர். பசார் மாலாம், அதான் இரவுச் சந்தை, நடந்த ஒரு மாலை. என் பெரியம்மா மகன்கள் இரண்டு பேரும் ஓர் ஒட்டுக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் பழைய மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளைக்காரர், அந்தக் கட்சி இருக்கும் தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தைத் தவிர ஓட்டுச் சீட்டில் வேறெதிலும் கோடு போடாதவர். இளையவர் எதிரணியான பக்காத்தான் ஹராப்பான். மெதுவாகத்தான் ஆரம்பித்தது.

"இந்த ரோடு யாரு போட்டது? ஸ்கூலுக்குக் கட்டடம் யாரு கொடுத்தது? நன்றி வேணும்டா மனுசனுக்கு."

"முப்பது வருசமா அந்த ரோட்டையே காட்டுங்கண்ணே. அப்பா வேலைய விட்டு நின்னதும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னானே, அப்ப உங்க தராசு எங்க போச்சி?"

மூத்தவர் பதில் சொல்லவில்லை. பாதி குடித்த தே ஓ கிளாசை மேசையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனார். வந்த பொங்கலுக்கு அவர் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. பதினான்கு மாதம் பேச்சு இல்லை.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். நவம்பர் 19 வாக்களிப்பு. 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லை. நவம்பர் 24 அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். ஹராப்பானும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் சேர்ந்துகொண்டன. தலைவர்கள் கைகோக்க ஐந்தே நாள் ஆனது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குப் பதினான்கு மாதம் தேவைப்பட்டது. கட்சிகள் சேர்ந்ததைக் குறை சொல்லவில்லை. நாடு அப்படித்தான் ஓட்டுப் போட்டிருந்தது. என் வேதனையெல்லாம் அந்த மேசையைப் பற்றியது.

மூத்தவரைப் போன்றவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று இளையவர்கள் பேசும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த விசுவாசத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1959 முதல் 2008 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, இந்தத் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தவர்கள் இரண்டே பேர்: துன் சம்பந்தன், அவருக்குப் பிறகு டத்தோஸ்ரீ சாமிவேலு. இரண்டு பேருமே மஇகா தலைவர்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம் சனம் நடுத்தெருவுக்கு வந்தது. அந்த நேரத்தில் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார். வேலை செய்த தோட்டத்தையே தொழிலாளி பங்குபோட்டு வாங்கலாம் என்று சொன்ன மனிதரை எங்கள் அப்பா தலைமுறை எப்படி மறக்கும்? சாமிவேலு 34 ஆண்டுகள் இருந்தார். அந்த நன்றியும் பொய்யில்லை.

அதே ஊர்தான் 2008 மார்ச் 8ஆம் தேதி சாமிவேலுவை எதிர்த்து நின்ற டாக்டர் ஜெயக்குமாரை 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 நவம்பர் 25இல், கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராப் பேரணி. கண்ணீர்ப்புகையில் கண் எரிந்து வீடு திரும்பியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். 2018இல் நாட்டிலேயே முதன்முறையாக ஆட்சி மாறியது. மாற்றி ஓட்டுப் போட நமக்குத் தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாறாமல் இருப்பது ஒரு சொல். "கொடுத்தார்." அந்த மேசையில் ஓடியது முழுக்க அந்தச் சொல்தான். கோயிலுக்குக் கொடுத்தார், பள்ளிக்குக் கொடுத்தார், தீபாவளிக்கு அரிசி கொடுத்தார். மறுதரப்பும் அதையே திருப்பிக் கேட்கிறது: இவங்க இந்த மூணு வருசத்துல எவ்வளவு கொடுத்தாங்க? கொடுப்பவன் மாறுகிறான், கையேந்தும் பேச்சு மாறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த கட்டடம் நாம் கட்டிய வரி. நாம் வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் அரசாங்கத்துக்கு ஏதோ ஒரு காசு போகிறது. நம் பணம் நம்மிடம் திரும்பி வந்ததற்கு மாலை வேறு போடுகிறோம்.

அன்றைய சண்டையில் உருப்படியான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அப்பாவின் லயத்து வீடு. அது காதில் விழுந்தும் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. தம்பி அதை அண்ணன் மீது கல்லாக எறிந்தார், அண்ணன் அதைக் கல்லாகவே வாங்கிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், அந்த வீடு இரண்டு பேருக்கும் சொந்தமான இழப்பு! ஒரே அப்பா. விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, முப்பத்தைந்து வருடம் அந்தத் தோட்டத்துக்கு உழைத்தவர். சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று, வாசலில் அவர் நட்ட முருங்கையிலிருந்து ஒரு போத்தை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் லாரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி எங்கள் பெரியம்மாவின் பூசைப் படங்களைத் தூக்கி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

தோட்டத் தொழிலாளி வேலையில் இருக்கும்வரை தங்குமிடம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேலை முடிந்தபின் அந்தக் குடும்பம் எங்கே போகும்? இதைத்தான் வேட்பாளரிடம் கேட்கவேண்டும். தராசுக்காரரிடமும் கேளுங்கள், ஹராப்பான்காரரிடமும் கேளுங்கள், இன்னொரு கூட்டணியான பெரிக்காத்தான்காரர் வந்தால் அவரிடமும் கேளுங்கள். எத்தனை வீடு, எந்த நிலம், எந்த வருடம் என்று கேளுங்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று ஒரு தங்கை பார்வையிலேயே கேட்கிறார். சம்பளத்தைப் பாருங்கள் அம்மா. மழை பெய்தால் சம்பளம் போச்சு என்ற காலத்திலிருந்து, மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத்து மக்கள் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று வந்தது. 2022இல் 1,500. 2025இல் 1,700. ஒவ்வொரு முறையும் ஆட்சியில் இருந்தவர்கள் வேறு வேறு. கேட்ட குரல் ஒன்றுதான். போதுமா என்றால் போதாது, அதனால் இன்னும் கேட்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரரும் கடைத்தெருச் சீனரும் நம்மோடு சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வியாக அது இருக்கவேண்டும். வீடும் சம்பளமும் அப்படிப்பட்டவை. பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறும் என்று 2021 டிசம்பர் முதல் நடைமுறை இருக்கிறது. தம்பிமார்களே, நீங்கள் கைப்பேசியில் பகிரும் கேலிப் படங்களில் பாதியைக் குறைத்து, இந்தக் கேள்விகளைப் பகிருங்கள்.

அந்தக் குடும்பத்தில் ஓர் அத்தை இருக்கிறார். அந்த அண்ணன் தம்பியின் அப்பாவுக்குத் தங்கை. இதே மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் இன்றைக்கும் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டை. ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் நல்ல சேலை கட்டிக்கொண்டு எல்லோரோடும் வருவார். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பைகளையும் குடைகளையும் பார்த்துக்கொள்வார். 2022இலும் வந்தார். அண்ணன் முதலில் வெளியே வந்தார், கொஞ்ச நேரத்தில் தம்பி. இரண்டு பேர் விரலிலும் மை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பையை எடுக்கக் குனிந்த இருவர் கையையும் அத்தை பிடித்துக்கொண்டார்.

"உள்ள போயி நம்ம வீட்டு விசயத்தைச் சொன்னீங்களாப்பா?" என்று கேட்டார்.

இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அத்தை இன்னும் இருக்கிறார். இந்தத் தேர்தலுக்கும் வருவார்.

நன்றி, வணக்கம்.