எந்தச் சோற்றை எடுத்துக் கொடுப்பது?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, மண்டபம் தந்துதவிய கல்லூரி அதிபர் ஐயா அவர்களே, கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் இருந்து பஸ் ஏறி வந்திருக்கும் கலைஞர்களே, நூலகர் அவர்களே, அனைவருக்கும் மாலை வணக்கம். நூலகரைக் கடைசியில் விளித்ததற்குக் காரணம் உண்டு. அவரிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். கோணேசர் மலையடியில் நின்று பேசக் கிடைத்தது பெரும் பேறு. வாசலில் சந்தனமும் கற்கண்டும் தந்து வரவேற்ற பிள்ளைகளுக்கும் ஒலிபெருக்கி பூட்டிய தம்பிக்கும் நன்றி.

தொடர்நாடக நடிகர் ஒருவர் விருதுக்கு எந்த அங்கங்களை, அதாவது எபிசோட்களை, அனுப்புவது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயம் சொல்ல வந்தேன்: தெரிவு, பிரதி, விண்ணப்பப் படிவம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நடுவர் மேசையில் நடப்பது அதுதான். கூத்தென்றால் சபை விடிய விடியப் பார்த்திருக்கும். நடுச்சாமத்தில் குரல் கம்மினாலும் விடியற்புறம் மீட்டுவிடலாம், பக்கத்தில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் நிற்பார். தொடர்நாடகத்தில் நீங்கள் இருநூறு அங்கம் நடித்திருந்தாலும் நடுவர் பார்ப்பது ஒன்றோ இரண்டோதான்.

அமெரிக்காவில் சூசன் லூச்சி என்றொரு நடிகை. ‘ஆல் மை சில்ட்ரன்’ என்ற பகல்நேரத் தொடரில் எரிக்கா கேன் என்ற பாத்திரம். தொடர் 1970 ஜனவரியில் தொடங்கி, ஏபிசி அலைவரிசையில் 2011 செப்டெம்பர் வரை ஓடியது. அத்தனை காலமும் அவரே எரிக்கா. சமையலை நிறுத்திவிட்டு அந்தப் பாத்திரத்தைப் பார்த்த வீடுகள் எத்தனையோ. பகல்நேரத் தொலைக்காட்சிக்குத் தரும் எம்மி விருதுக்கு அவர் பெயர் முதன்முதலில் 1978 இல் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. பிறகும் பரிந்துரை, பிறகும் இல்லை. ஒவ்வொரு முறையும் நல்ல சேலை கட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய், பந்தியில் இடமில்லாமல் திரும்புவதைப் போல எண்ணிப்பாருங்கள். 18 முறை! நாடே அதை வைத்துப் பகிடி பண்ணியது. அந்தத் தோல்வியையே வைத்து எடுத்த விளம்பரமொன்றில் அவரும் நடித்தார். அப்படிப்பட்ட மனம் அந்த அம்மாவுக்கு.

1999 மே 21, நியூயோர்க். 19ஆவது பரிந்துரை. உறையைப் பிரித்த நடிகர் ஷெமார் மூர், பெயரைச் சொல்லுமுன்பே “அந்தத் தோல்வி வரிசை முடிந்தது!” என்று சத்தம் போட்டார். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. கைதட்டல் நிமிடக்கணக்கில் ஓயவில்லை. சக நடிகர்கள் அழுதார்கள். அந்தப் பருவத்தில் எரிக்காவின் கதை என்ன தெரியுமா? மகள் பியான்கா சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி மெலிந்து நோயாகிறாள், தாய் பக்கத்தில் இருந்து தவிக்கிறாள். வழக்கமான எரிக்காவின் ஆடம்பரமும் அட்டகாசமும் அங்கே எடுபடாது. மக்கள் பானை முழுவதையும் பார்த்து நேசித்தார்கள். நடுவருக்குப் போனது தெரிந்தெடுத்த அங்கங்கள் என்ற சோறு மட்டும். இந்த இரண்டும் வேறு வேறு என்று நான் விளங்கிக்கொள்வது இங்கேதான்.

சரி, தெரிவுக்கு வருவோம். முதலில் விதியைப் படியுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை ஒளிபரப்பான அங்கம் என்று பாருங்கள். படப்பிடிப்புத் திகதி அங்கே செல்லாது. முழு அங்கமா, வெட்டிச் சேர்த்ததா என்றும் பாருங்கள். பிறகு உங்கள் கொப்பியை எடுங்கள். கொப்பி இல்லாதவர்கள் இன்றிரவே ஒன்று தொடங்குங்கள்: அங்க இலக்கம், ஒளிபரப்பான திகதி, உங்கள் காட்சி எத்தனையாவது நிமிடம், எதிரில் யார். அதிலிருந்து பத்து அங்கம் பொறுக்கி, நாலாக்கி, இரண்டாக்குங்கள். விளம்பரம் கழித்தால் அரைமணி நாடகம் 22 நிமிடம் அளவில் நிற்கும். அதில் உங்கள் முகம் ஐந்து நிமிடமாவது இல்லாவிட்டால் அந்த அங்கத்தை விட்டுவிடுங்கள்.

எல்லோரும் செத்தவீட்டுக் காட்சியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே பத்துப்பேர் அழுகிறார்கள், பின்னணி இசையும் அழுகிறது, கமரா மூன்று தரம் ஒவ்வொரு முகமாகப் பாய்கிறது. கூட்டிப் பார்த்தால் உங்கள் கண் தெரிவது நாலு வினாடி. அதைவிட இதைப் பாருங்கள். அடுப்படியில் ஒரு தாய் அரிசி களைகிறாள். மகன் வாசல்நிலையில் சாய்ந்தபடி வெளிநாட்டுக்கு ஏஜென்சியில் காசு கட்டிவிட்டேன் என்கிறான். அவள் திரும்பவில்லை. சட்டிக்குள் சுழன்ற கை நிற்கிறது. தண்ணீர் தெளியும் மட்டும் அப்படியே நிற்கிறாள். பிறகு, “எவ்வளவு கட்டினாய்?” என்று கேட்டுக்கொண்டே மறுபடி களைகிறாள். சத்தமே இல்லை, முன்கதையும் தேவையில்லை. பதம் பார்க்க வேண்டிய சோறு அதுதான். இரண்டாவது அங்கம் அனுப்பலாமென்றால் இன்னொருவரோடு, இன்னொரு குணத்தில், சிரிப்போ கோபமோ உள்ளதாக எடுங்கள். எதிரில் நிற்பவர் உங்களைவிட நன்றாகச் செய்த காட்சி என்றால், அதை அவர் அனுப்பட்டும்.

தெரிந்தெடுத்ததை ஒருதரம் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள், முகம் பேசுகிறதா என்று. பிறகு திரையை மூடிவிட்டுக் கேளுங்கள். கடைசியாக, அந்த நாடகத்தை ஒருநாளும் பார்க்காத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, “இவள் யார், இவளுக்கு என்ன வேண்டும், முடிவில் என்ன மாறியது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நடுவருக்கும் வராது. வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், அவர்களுக்கு எல்லாம் நல்லதாகத்தான் தெரியும்.

இனிப் பிரதி. தொலைக்காட்சித் திரையைக் கைபேசியால் படம்பிடித்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்ததை அப்படியே அனுப்புகிறவர்கள் அதைவிட அதிகம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், கண்ணின் ஈரம் அதில் போய்விடும். அலைவரிசைச் சின்னமும் அடியில் ஓடும் எழுத்தும் ஏறுமுன், படத்தொகுப்பாளரிடம் நேரே பென் டிரைவில் வாங்குங்கள். அதுவும் ஒளிபரப்பான அன்றே. ஆறுமாதம் கழித்துக் கேட்டால் ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லையென்று அழித்திருப்பார்கள். அமெரிக்காவிலேயே 1970களின் தொடர்நாடக நாடாக்கள் எத்தனையோ அழிக்கப்பட்டு, மேலே வேறு நிகழ்ச்சி பதியப்பட்டது.

சபையோரே, என் மனம் கிடந்து அடித்துக்கொள்வது இங்கேதான். இது திருகோணமலை. உப்புக்காற்றில் வீடியோ நாடா பூஞ்சணம் பிடிக்கும். 1990 இல் போருக்கு அஞ்சி உடுத்த துணியோடு ஓடினோம், அல்பம் போயிற்று. 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்தது, மிச்சமும் போயிற்று. எங்கள் நடிகர்களின் வேலைக்கு இன்று ஒரு பருக்கைகூட இல்லாவிட்டால், பதம் பார்க்க நடுவருக்கு எதைக் கொடுப்பது? நூலகர் அவர்களே, விண்ணப்பம் இதுதான். பொதுநூலகத்தில் பூட்டுள்ள ஓர் இரும்பு அலுமாரி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு பதிவுப் புத்தகம். ஒன்று இங்கே இருக்கட்டும், மற்றதை ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் ஒரு பாடசாலையில் வையுங்கள். ஆறுமாதத்துக்கு ஒருதரம் இரண்டையும் போட்டுப் பாருங்கள். அலுமாரிக்கான பணத்தைத் திரட்டும் பொறுப்பை இந்தச் சபை ஏற்கவேண்டும். பிரதேச செயலாளர் அம்மா தலையசைத்ததை நான் பார்த்துவிட்டேன், நன்றி.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். படிவம் பற்றித் தேநீர் வேளையில் கேளுங்கள். கலைஞர்களே, போகுமுன் வாசலில் இருக்கும் தாளில் பெயரை எழுதுங்கள். பென் டிரைவ் கொண்டுவருபவர்கள் உறைமேல் நாடகத்தின் பெயர், அங்க இலக்கம், ஒளிபரப்பான திகதி, உங்கள் காட்சி தொடங்கும் நிமிடம் நான்கையும் பேனையால் தெளிவாக எழுதிக் கொண்டுவாருங்கள்.