படகுக்காரர் சங்கைத் தட்டிவிட்டது சரியா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டு நிதானமா பேசப்போறேன். சுங்கை ஆராவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட பெர்ஹெந்தியான் தீவுக்குப் போயிருக்காங்க. பன்னெண்டு வயசு மகன் ஸ்நோர்க்கல் பண்ணும்போது, வலை பின்னின மாதிரி கோடு போட்ட ஒரு சங்கைப் பார்த்து, எடுத்துக் கால்சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். படகுல ஏறி அதை வெளிய எடுத்துக் காட்டினதும், படகு ஓட்டுற பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒரு சத்தம் போட்டு, அவன் கையிலிருந்து அதைத் தட்டிக் கடல்ல விட்டுட்டாராம். பையனுக்கு இன்னும் கோபம் தீரலை. "டீச்சர், வீடியோல நீல வளையம் போட்ட ஆக்டோபஸையே வெறுங்கையில வெச்சுக் காட்டுறாங்க, கடல் பாம்பைத் தூக்கிக் காட்டுறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, மெதுவா பிடிச்சா அது ஒண்ணும் செய்யாதுன்னு வாதாடுறான். அவர் அவ்வளவு கத்தினது தேவைதானா?" இதுதான் கேள்வி.

தேவைதான். அந்தப் பெரியவர் கத்தினதுல எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதல்ல அந்தச் சங்கு. நீங்க சொல்ற அடையாளத்தைப் பார்த்தா கூம்புச் சங்கு மாதிரி தெரியுது, உள்ள உயிரோட நத்தை இருந்திருந்தா அது வேட்டையாடுற நத்தை. நத்தைன்னா மெதுவா ஊரும், அது என்ன செஞ்சிடும்னு நினைப்போம். அதுக்கு ஒரு குழாய் மாதிரி வாய் நீளும், அந்த முனையில ஊசி மாதிரி ஒரு பல், உள்ள பொள்ளல், அது வழியா விஷம். மீன் தின்கிற வகைக்கு அந்த விஷம் ஓடுற மீனை அந்த இடத்திலேயே நிறுத்தற அளவுக்கு வேகம். சிலர் சொல்வாங்க, அகலமான பக்கத்தைப் பிடிச்சா கொட்டாதுன்னு. அதை நம்பாதீங்க. அந்தக் குழாய் வளைஞ்சு ஓட்டோட பாதிக்கு மேல எட்டும். துணியும் தடுக்காது, அதனால பாக்கெட்ல போட்டதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. 1935-ல ஆஸ்திரேலியாவோட ஹேமன் தீவுல 27 வயசு வாலிபர் ஒருத்தர் இதே மாதிரி ஒரு கூம்புச் சங்கை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, கத்தியால அந்த ஓட்டோட மேல் தோலைச் சுரண்டியிருக்கார். கொட்டுச்சு. சில மணி நேரத்துல போயிட்டார். இன்னைக்கு வரைக்கும் இதுக்கு மாற்று மருந்து கிடையாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அது கடல் பூங்கா. அங்கே காலி ஓடா இருந்தாலும் எடுக்கக்கூடாது.

இப்ப தம்பி கேட்ட அந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே." இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் நம்ம பினாங்கிலேயே இருக்கு. 1950-கள்ல பினாங்கு பொது மருத்துவமனையில அலிஸ்டர் ரீட்னு ஒரு டாக்டர் இருந்தார். கடல் பாம்பு கடிச்சு வர்ற மீனவர்களைப் பார்த்துப் பார்த்து, அப்புறம் வட மேற்கு மலாயாவோட மீனவ கம்போங்குகளுக்கே (கிராமங்களுக்கே) போய் விசாரிச்சு, 1957-ல அதை எழுதினார். அதுல ஒரு விஷயம்: கடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு விஷமே ஏறலை. பாம்பு கடிக்கும், விஷத்தை விடாது. விஷம்கிறது அதுக்கு இரை பிடிக்க வேண்டிய சொத்து, எல்லார்கிட்டயும் செலவு பண்ணாது. ஆனா மிச்ச பேர்ல சிலர் செத்தாங்க. அதே பாம்பு, அதே கடி.

வீடியோல நீங்க பாக்கறது அந்த முதல் கூட்டத்தை. ரெண்டாவது கூட்டம் வீடியோ போடாது.

இங்க ரொம்ப கடிச்சது அலகு மூக்குக் கடல் பாம்பு. தமிழ்நாட்டுல வலக்கடியன்னு ஒரு பேர் உண்டு. பேரைப் பாருங்க, வலைக்குள்ள மாட்டினா கடிக்கிறது. மீனவர் வலையை உதறும்போது, மீனைப் பிரிக்கும்போது, சேத்துத் தண்ணில வெறுங்காலோட நடக்கும்போதுதான் கடி. அதுவும் குண்டூசி குத்தின மாதிரி இருக்கும், வீங்காது, அதனால "ஒண்ணும் இல்லை"ன்னு வேலையைப் பாக்கப் போயிடுவாங்க. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள்ள உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்க ஆரம்பிக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது, தாடை இறுகும். அப்புறம் சிறுநீர் கோப்பி கலர்ல போகும். தசை கரைஞ்சு ரத்தத்துல போறதோட அடையாளம் அது, சிறுநீரகம் கெட்டுப்போகும். பினாங்கு கடல்ல பிடிச்ச இந்தப் பாம்போட விஷத்தை வெச்சுத்தான் பிற்பாடு மெல்பர்ன்ல மாற்று மருந்து செஞ்சாங்க. நம்ம மீனவர்கள் பட்ட பாட்டுல பிறந்த மருந்து அது, எனக்கு அதை நினைச்சா மனசு கனக்கும்.

ஆக்டோபஸுக்கும் இதே கதை. நம்ம ஆளுங்க பேய்க்கணவாய்னு சொல்றோமே, அந்தக் குடும்பத்துல உள்ளங்கையில அடங்குற ஒரு குட்டி வகை. சும்மா இருந்தா மங்கலான பழுப்பு, மிரண்டாத்தான் நீல வளையம் பளிச்சுன்னு எரியும். தம்பி, வீடியோல அழகா தெரியுதே அந்த நீலம், அது "என்னை விட்டுடு"ன்னு கத்துறது. 1954-ல டார்வின்ல ஒரு வாலிபர், கூட்டாளி பிடிச்ச சின்ன ஆக்டோபஸைக் கை, தோள் மேல எல்லாம் ஊர விட்டு விளையாடியிருக்கார். கடிச்சதே தெரியலை. வாய் உலருதுன்னார், மூச்சு விட முடியலைன்னார், கொஞ்ச நேரத்துல முடிஞ்சு போச்சு. அது புஃபர்னு சொல்ற பேத்தை மீன்ல இருக்கிற அதே விஷம், டெட்ரோடோடாக்சின். நரம்பு தசைக்கு அனுப்புற சேதியை நிறுத்திடும். மூச்சு நிக்கும், ஆனா ஆளுக்கு சுய நினைவு இருக்கலாம், சுத்தி நடக்கிறதெல்லாம் கேக்கும், கண்ணைக் கூடத் திறக்க முடியாது. அதனால கூட இருக்கிறவங்க "போயிட்டார்"னு கையை விட்டுடக்கூடாது. வாயோட வாய் வெச்சு மூச்சு கொடுத்துக்கிட்டே இருந்தா, விஷம் தானா இறங்கி ஆள் பிழைச்சு வரலாம்.

வலியை வெச்சு ஆபத்தை அளக்காதீங்கன்னு அதுக்குத்தான் சொல்றேன். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, தெலுக் பாஹாங்ல அப்பாவோட கூட்டாளி படகு வந்து நின்னுச்சு. நீலக் கலர் பிளாஸ்டிக் பேசின்ல சின்னச் சின்ன செம்பிலாங், கெளுத்திதான், கருகருன்னு வழவழன்னு நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணைத் தொட்டுப் பாத்தேன். பக்கத்துத் துடுப்புகிட்ட ஒரு முள் நிமிந்து நின்னு என் கட்டை விரல் சதையில இறங்கிடுச்சு. துளி ரத்தம்தான். ஆனா வலி மணிக்கட்டு, முழங்கைன்னு ஏறி அக்குள் வரைக்கும் வந்து, நான் மணல்ல உருண்டு அழுதேன். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) கெட்டில் தண்ணியைப் பச்சைத் தண்ணியோட விளாவி, என் கையை அதுல முக்கி வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல வலி இறங்கிப் போச்சு. அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுடும். செம்பிலாங், திருக்கை, சிங்க மீன், முதுகுல பதிமூணு முள் இருக்கிற கல்மீன், எல்லாத்துக்கும் இதுதான் முதல் கைவைத்தியம். சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒண்ணு கவனிங்க, சூட்டைக் காயம்படாத கையால தொட்டுப் பாருங்க. முள் குத்தின கைக்கு உணர்ச்சி சரியா இருக்காது, வெந்து போயிடும். நெஞ்சு, வயிறு பக்கம் திருக்கை முள் ஏறியிருந்தா பிடுங்காதீங்க, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆனா பாம்பு, ஆக்டோபஸ், கூம்புச் சங்குக்குச் சுடுதண்ணி வேலைக்கு ஆகாது. அதுக்கு விரல்ல ஆரம்பிச்சு கை முழுக்க, சுளுக்குக்குக் கட்டுற மாதிரி அழுத்தமா பாண்டேஜ் சுத்தி, கையை அசையவிடாம கட்டிட்டு அவசர நம்பர் 999 கூப்பிடணும். கீறறது, உறிஞ்சறது வேண்டாம். முள் குத்தினதுக்கு இந்தக் கட்டு போடவே கூடாது, விஷத்தை ஒரே இடத்துல தேக்கினா அந்தச் சதை இன்னும் கெடும்.

கடைசியா, பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போகும்போது வினிகர் கொண்டு போகணுமான்னும் கேட்டிருக்கீங்க. கொண்டு போங்க. நம்ம கடல்ல பெட்டி ஜெல்லிமீன் இருக்கு, பினாங்கு முக்கா ஹெட்ல இருக்கிற யூ.எஸ்.எம். பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அதைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க. கரையில செத்துக் கிடந்தாலும், அறுந்து போன ஒரு நூல் மட்டும் ஒட்டினாலும் அதுல இருக்கிற கொட்டுற அணுக்கள் வெடிக்கும், அதனால குச்சியால குத்தி விளையாட விடாதீங்க. பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க, பைப் தண்ணி ஊத்தாதீங்க. குறைஞ்சது முப்பது செகண்ட் வினிகரை ஊத்தி, அப்புறம் நூலை எடுங்க. வினிகர் வலியைக் குறைக்காது, வெடிக்காம மிச்சம் இருக்கிறதை அடக்கும், அவ்வளவுதான். மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, காத்திருக்காதீங்க, உடனே 999. மளிகைக் கடையில விக்கிற சமையல் வினிகரே போதும், ஒரு பெரிய போத்தல், துண்டோட சேர்த்து பையில வெச்சுக்குங்க.