கொடிக்கு ஒரு பிஞ்சு தப்பாக எண்ணினால் 360 கிலோ: எங்கள் வெள்ளரிப் பசுமைக்குடிலில் புதன்கிழமை அளவு

வணக்கம் மக்களே. படபடவென்று ஒரு சத்தம் கேட்கிறதா? கச்சான் காற்று. ஆடி மாதம் உச்சிப்புளியில் நான் பேசுவதைவிட குடில் ஷீட் பேசுவதுதான் மைக்கில் அதிகம் விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி காலை ஆறரை. இன்று வெள்ளரிக் கொடியை அளந்து, பிஞ்சு எண்ணி, அடுத்த வாரம் எத்தனை கிலோ வரும் என்று கணிக்கும் நாள். இந்த அளவை ஒழுங்காக எடுக்காமல் போன போகத்தில் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் 1,200 கிலோ வரும் என்று மதுரை வியாபாரி அண்ணனிடம் சொன்னேன். அவர் அதற்குத் தகுந்த வண்டியை அனுப்பிவிட்டார். பறித்துப் பார்த்தால் 840 கிலோ. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தம்பி, இனிமேல் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குடில் 1,000 சதுர மீட்டர், சுமார் 25 சென்ட். உள்ளே 2,400 கொடி. ஒரு காய் 150 கிராம். கொடிக்கு ஒரே ஒரு பிஞ்சு கூடுதலாக எண்ணினால் 360 கிலோ கூடிவிடுகிறது. வண்டியில் குறைந்ததும் சரியாக அதே 360!

அந்த ஒரு பிஞ்சு எங்கிருந்து வந்தது? ஒரு வாரம் நான் எண்ணுவேன், மறுவாரம் மதினி எண்ணுவார்கள். எனக்குப் பிஞ்சு என்றால் விரல் நீளமாவது இருக்க வேண்டும். மதினிக்குப் பூவின் பின்னால் துளி பச்சை தெரிந்தாலே பிஞ்சுதான். அவர்கள் சொல்வதும் தப்பில்லை, பெண் பூ பிஞ்சோடுதானே வருகிறது. ஆனால் கொடி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாது. கொடியில் காய் அதிகமானால் சின்னதெல்லாம் மஞ்சளித்துச் சுருங்கிவிடும். இப்போது இதோ, தென்னை ஈர்க்குச்சி. 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். பூவிதழ் காய்ந்து, இந்தக் குச்சி அளவுக்கு நீண்டிருந்தால் எண்ணு, இல்லையென்றால் விடு. யார் எண்ணினாலும் குச்சிதான் தீர்ப்பு.

என் சித்தப்பா பாம்பனில் கடல் தொழில் செய்தவர். கயிறு அளப்பதென்றால் பாகம்தான், இரண்டு கையையும் விரித்து அளப்பார். அவர் கை என் கையைவிட நீளம், அதனால் என் பத்துப் பாகமும் அவர் பத்துப் பாகமும் ஒன்றாகாது. ஆனால் அவர் கடைசிவரை தன் கையாலேயே அளந்தார், கயிறு ஒருநாளும் பற்றாமல் போனதில்லை. பாதியில் என்னைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லியிருந்தால்தான் வம்பு.

அடுத்தது, 2,400-ஐயும் அளக்க முடியாது, அப்படியானால் எந்தக் கொடியை அளப்பது? முன்பு வாசல் பக்கத்தில் கைக்கு எட்டியதை அளந்தேன். சோம்பேறித்தனம். ஓர வரிசையில் வெளிச்சம் அதிகம், அங்கே கொடி தனியாகக் கொழிக்கும். இப்போது ஓர வரிசையும் வரிசை முனையும் கிடையாது. உள்ளே நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று, சீட்டுக் குலுக்கி எடுத்த 12 கொடி. கடைசிவரை அதே 12. ஒன்று செத்தால் வலப்பக்கத்துக் கொடி, அது நோஞ்சானாக இருந்தாலும் சரி.

முதலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். வேலைக்கு வரும் அக்கா ரிப்பன் கட்டியதை மட்டும் செல்லப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். பூச்சி எடுப்பது, இலை கழிப்பது, எல்லாம் அதற்குத்தான். அளவு பிரமாதம், குடில் சுமார்! இப்போது தண்டின் அடியில் சின்ன நம்பர் அட்டை மட்டும்.

வளர்த்திக்கு, நுனியில் கடைசியாக விரிந்த இலையின் கணுவில் கம்பளி நூல். அடுத்த புதன் அந்த நூலிலிருந்து புதிதாக விரிந்த இலை வரை டேப் பிடிப்பேன். துணி டேப் வேண்டாம், நாளாக நாளாக இழுத்து நீண்டுவிடும். தண்டின் பருமனை அந்தப் புது இலைக்குக் கீழே காலிப்பரில் பார்ப்பேன். எல்லாம் வெயிலுக்கு முன். மதியம் இலை துவண்டு தண்டே கொஞ்சம் சுருங்கும், காலை அளவோடு அதை வைத்துப் பார்க்க முடியாது.

இந்த வளர்த்தி அளவுதான் இரண்டு மாதம் முன்னால் காப்பாற்றியது. வாரம் 55 செ.மீ. போன கொடி 41-க்கு வந்தது. இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. போர் தண்ணீரைச் சோதித்தால் உப்பு ஏறியிருக்கிறது. வெள்ளரி உப்புத் தாங்காது. பண்ணைக்குட்டையில் இருந்த மழைத் தண்ணீரைக் கலந்து விட்டேன், மூன்றாம் வாரம் 52.

அப்புறம் நாள் கணக்கு. இந்த வெயிலில் பூ விரிந்து பத்து நாளுக்குள் காய் கைக்கு வரும். ஐப்பசி மூட்டத்தில் இரண்டு மூன்று நாள் இழுக்கும். அதனால் வெப்பமானி எண்ணையும் அதே நோட்டில் பக்கத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் 870 என்று சொன்னேன், வந்தது 846. இரண்டு கிலோ எங்கள் வீட்டுப் பச்சடிக்குப் போனது, அது நோட்டில் இல்லை. சரி, வெயில் ஏறுகிறது, இன்னும் ஐந்து கொடி பாக்கி. மதினி, அந்த ஈர்க்குச்சியை எங்கே வைத்தீர்கள்?