ஏழாவது பிரிவு

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழும் ஆங்கிலமுமாக வந்த பத்திரிகை. அதை வெளியிட்டது, பாஸ்டன் நகரிலிருந்து இயங்கிய ஓர் அமெரிக்க மிஷன் சபை. அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, அதே சபை கைகொடுத்து இன்னொரு இருமொழிப் பத்திரிகை பிறந்திருந்தது. அதன் பெயர் 'செரோக்கி ஃபீனிக்ஸ்'. ஊர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த நியூ எக்கோட்டா. அந்த ஊரின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

செரோக்கி மக்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். அவர்களில் செக்வோயா என்றொருவர், ஆங்கிலம் எழுதவோ படிக்கவோ தெரியாதவர், தன் மொழிக்குத் தானே எழுத்தை உருவாக்கினார். 1821 வாக்கில் அது முடிந்தது. நம் க, கா, கி போல ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. ஆனால் நமக்கு இருப்பதுபோல் கொம்பு, கால் எதுவும் கிடையாது. எண்பத்து சொச்சம் உருவங்களையும் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே பெருவாரியான மக்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். 1827இல் தங்களுக்கென அரசியல் சட்டமும் எழுதிக்கொண்டார்கள்.

எழுத்து, சட்டம், பத்திரிகை. 'நாகரிகம்' என்று வெள்ளையர்கள் கேட்டதெல்லாம் அவர்களிடம் வந்துவிட்டது. அதுவும் போதவில்லை. வெள்ளையர்கள் கேட்டது நிலத்தை. பருத்தி விளையும் நிலம் அது. 1829 வாக்கில் அங்கே தங்கமும் கிடைத்தது. 1830 மே மாதம் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் அந்தச் சட்டம் தப்பியது வெறும் 5 வாக்கு வித்தியாசத்தில். எதிர்ப்பு அவ்வளவு இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்த எதிர்ப்பில் என் மனதைத் தொடுவது பெண்களின் மனுக்கள். வாக்குரிமை இல்லாத காலம். கேத்தரின் பீச்சர் என்ற ஆசிரியை, பெயர் போடாமல் ஒரு சுற்றறிக்கை எழுதி ஊர் ஊராக அனுப்பினார். ஒஹாயோவின் ஸ்டூபன்வில் போன்ற ஊர்களிலிருந்து காங்கிரசுக்கு மனுக்கள் குவிந்தன. அரசியலில் தலையிடும் எண்ணம் பெண்களான எங்களுக்கு இல்லை என்று முதலில் பணிவாகச் சொல்லிவிட்டு, அப்புறம் தலையிடுகிறார்கள்! நாடு தழுவிய விஷயத்தில் அமெரிக்கப் பெண்கள் கூட்டாக மனுக் கொடுத்தது அதுவே முதல் முறை. சட்டத்தை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் மனு எழுதக் கற்ற கைகள் சும்மா இருக்கவில்லை. அடிமை முறைக்கு எதிராக எழுதின, பிறகு தங்கள் வாக்குரிமைக்காகவும் எழுதின.

அந்த மிஷன் சபையின் சாமுவேல் வூஸ்டர், நியூ எக்கோட்டாவில் பத்திரிகைக்குத் துணையாக இருந்தவர். அங்கே வசிக்க ஜார்ஜியா அரசிடம் உரிமம் வாங்க மறுத்தார். 4 ஆண்டு கடுங்காவல். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1832 மார்ச்சில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார்: செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது. ஜார்ஜியா அதை மதிக்கவில்லை. மறு ஆண்டு வரை வூஸ்டர் சிறையில்தான் கிடந்தார். செரோக்கி வீடுகளையும் வயல்களையும் குலுக்கல் போட்டு வெள்ளையர்களுக்குக் கொடுத்தார்கள்.

1835 டிசம்பரில் செரோக்கிகளில் ஒரு சிறு குழு, மக்களின் ஒப்புதல் இல்லாமல், நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதை எதிர்த்துத் தலைவர் ஜான் ராஸ் கொண்டுபோன மனுவில் 15,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எடுபடவில்லை. 1838 கோடையில் ராணுவம் வீடு வீடாக நுழைந்து மக்களை முகாம்களுக்கு ஓட்டிச் சென்றது. பெரும்பாலோர் அந்தக் குளிர்காலத்தில் இன்றைய ஒக்லஹோமா மாநிலம் வரை நடந்தார்கள். சுமார் 16,000 பேரில் 4,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். அதைக் கண்ணீர்ப் பாதை என்று சொல்வார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று தோன்றலாம். ஆனால் 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிழக்கு ஒக்லஹோமாவில் மஸ்கோகி என்ற இன்னொரு பழங்குடி மக்களுக்கு அன்று வாக்குறுதி தந்த நிலம் இன்றும் பழங்குடி நிலமே என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர்களும் அதே காலத்தில் துரத்தப்பட்டவர்கள். கண்ணீர்ப் பாதையின் மறுமுனையில் ஒரு வாக்குறுதி இருந்தது என்றுதான் நீதிபதி கோர்சச்சின் தீர்ப்பு தொடங்குகிறது. அடுத்த ஆண்டே ஒக்லஹோமா நீதிமன்றம் செரோக்கி நிலத்துக்கும் அது பொருந்தும் என்றது. 2022இல் இன்னொரு தீர்ப்பு அந்த வெற்றியில் ஒரு பகுதியைக் குறைத்தது.

அந்த 1835ஆம் ஆண்டு உடன்படிக்கை இருக்கிறதே, தங்களைத் துரத்திய அதே காகிதத்தைச் செரோக்கிகள் இன்று ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதன் ஏழாவது பிரிவு, பிரதிநிதிகள் சபையில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்கிறது. 2019இல் கிம் டீஹீ என்ற பெண்மணியைச் செரோக்கி நாடு அந்த இடத்துக்கு நியமித்தது. 2022 நவம்பரில் காங்கிரஸ் குழு ஒன்று கூடி இதை விசாரித்தது. ஆனால் அந்த நாற்காலியை அவருக்குக் கொடுக்கவில்லை.

நன்றி, வணக்கம்.