சம்பளம் வந்தது, தூக்கம் வரவில்லை

நடுவர் அவர்களே, என்னை இப்போதே பரிதாபமாகப் பார்க்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பணியாளரின் நலனுக்குப் பெரிதும் காரணம் சம்பளமா, நியாயமா?" இதுதான் தலைப்பு. நான் நியாயத்தின் பக்கம். எனக்கு முன்னால் எட்டு நிமிடம் பேசிய எதிரணித் தலைவர், "நியாயத்தைத் தட்டில் வைத்தால் வயிறு நிறையுமா?" என்று கேட்டார். கைதட்டல் பிரமாதம், நானும் தட்டினேன். நிறையாதுதான். சம்பளம் வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஐயா, வயிறு நிறைந்தவருக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதே, அது எதனால்?

ஒரு காட்சி சொல்கிறேன். வருடாந்திர மதிப்பீடு. கதவு சாத்திய அறை. "உங்களுக்கு இந்த வருஷம் மூன்று" என்கிறார் மேலாளர். ஐந்துக்கு மூன்று. "ஏன் சார்?" "அது மேலே முடிவு பண்ணினது." சொல்லும்போதே அவர் கண் கைப்பேசியில் இருக்கிறது. நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சம்பளம் குறையவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் ஏறிக்கூட இருக்கிறது. ஆனாலும் மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் அதே அறை, அதே மூன்று. 'அன்றைக்கு லீவு கேட்டதாலா? அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியதாலா?' காரணம் தெரிந்தால் சண்டை போடலாம், திருத்திக்கொள்ளலாம், வேறு வேலை தேடலாம். தெரியாவிட்டால் மனசு தன்மேலேயே வழக்குப் போட்டு, தானே வாதாடி, விடியும்போது தன்னையே குற்றவாளி ஆக்கிவிடும்.

எதிரணியில் ஒருவர், "இது கதை" என்று சைகை காட்டுகிறார். சரி, ஆய்வுக்கே வருகிறேன். ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006-இல் வெளியிட்டது. நான்கு மருத்துவமனைகள், 467 செவிலியர்கள். அவற்றில் இரண்டில் ஊதிய முறையை மாற்றியதால் செவிலியர்களுக்கு வருமானம் குறைந்தது. குறைந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டது. 'பார்த்தாயா, பணம்தான்' என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், கதை இன்னும் முடியவில்லை. அந்த இரண்டில் ஒரு மருத்துவமனையில் மட்டும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மரியாதையாக நடத்துவது, ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று விளக்குவது, இவ்வளவுதான் பயிற்சி. அங்கே தூக்கமின்மை குறைவாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நீடித்தது. காசைத் திருப்பிக் கொடுத்ததால் வந்த தூக்கம் இல்லை ஐயா அது.

இதில் எனக்கே ஓர் உறுத்தல் உண்டு, மறைக்க மாட்டேன். 'சம்பளத்தை வெட்டு, இனிக்க இனிக்கப் பேசு, போதும்' என்று ஏதாவது ஒரு நிர்வாகம் இதைப் புரிந்துகொள்ளலாம். அதற்குப் பெயர் நடிப்பு. முடிவெடுக்கும் முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்டார்களா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, தப்பாகிவிட்டால் போய் முறையிட ஓர் இடம் உண்டா, இவையும் சேர்ந்ததைத்தான் நான் நியாயம் என்கிறேன்.

இரண்டாவதாகப் பேசிய எதிரணி அம்மா, "ஆளுக்கொரு நியாயம் இருக்கும்போது அதை எப்படி அளப்பது?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. லண்டனில் பிரிட்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடரும் வொயிட்ஹால் ஆய்வில் அதை அளந்திருக்கிறார்கள். கேட்ட கேள்விகள் ரொம்பச் சாதாரணம்: உங்களை அநியாயமாகக் குறை சொல்கிறார்களா? மேலதிகாரி உங்கள் பிரச்சினையைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா? முன்னுக்குப்பின் முரணில்லாமல் தகவல் தருகிறாரா? நன்றாகச் செய்தால் பாராட்டுகிறார்களா? இப்படித்தான். 6,442 ஆண்களை எட்டு வருடத்துக்கும் மேலாகக் கவனித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தங்களுக்கு அதிக நியாயம் கிடைப்பதாகச் சொன்னவர்களுக்கு, மற்றவர்களைவிட இதயத்தமனி நோய் வரும் அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. வயது, பதவிநிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நிற்கிறது. பதவிநிலையைக் கழித்தால் சம்பளத்தையும் பெரும்பாலும் கழித்த மாதிரிதானே? எதிரணியினர் இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். வயிற்றைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஒத்துக்கொள்கிறேன், இவ்வகை ஆய்வில் 'இதனால்தான் அது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மேலாளர் காதுகொடுத்துக் கேட்கக் காசு செலவில்லையே, அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

மணி அடித்துவிட்டீர்கள். நடுவர் அவர்களே, என் கடிகாரத்தில் ஆறு நிமிடம்தான் ஆகிறது. எதிரணித் தலைவருக்கு எட்டு கொடுத்தீர்கள். இரண்டு நிமிடம் போனால் போகட்டும். ஏன் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ராத்திரி நான் தூங்க வேண்டும். வணக்கம்.