ராக்கெட்டில் இருக்கவேண்டிய பொருள் பைப்புக்குள் வந்தது எப்படி?

வணக்கம். வியாசர்பாடியில் பைப் என்று சொன்னால் குடத்தோடு வந்து நிற்பார்கள்; ஆனால் இன்று நாம் பேசப்போவது புகையிலையை அடைத்துப் புகைக்கும் பைப்பைப் பற்றி. அதிலும், ராக்கெட் முனைகளுக்குப் பயன்படும் ஒருவகை கிராஃபைட்டை (பென்சில் முனையில் இருக்கும் கரிப்பொருளின் இனம்) உட்புறத்தில் வைத்து, வெளியே பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பிசின் ஓட்டோடு 1960களில் அமெரிக்காவில் ஒரு பைப் விற்பனைக்கு வந்தது என்றால் நம்புவீர்களா?

முன்கதை இவ்வளவுதான்: மத்தியதரைக் கடலோரப் புதரான பிரையரின் வேர்முண்டில் செய்த பைப் விலை கூடியது என்பதால், மரத்தூளையும் பிசினையும் கலந்து வார்த்த பிரைலான் போன்ற மலிவுச் சரக்குகள் பிறந்தன.

இனி என் மனத்துக்குப் பிடித்த இடம். தண்ணீர் லாரி வரும் நாளில் கொருக்குப்பேட்டைத் தெருவில் நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் உடையாது, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் சுடும். மண்பானையோ கசியும், அந்தக் கசிவினால்தான் தண்ணீர் குளிர்கிறது. பிரையர் மண்பானையின் இனம். புகையிலை எரியும்போது எழும் ஈரத்தைக் கொஞ்சம் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. செயற்கைப் பைப் பிளாஸ்டிக் குடத்தின் தம்பி; எதையும் வாங்காததால் ஈரம் அடியில் தேங்கி, இழுக்கும்போதெல்லாம் தண்ணீர் ஏறாத அடிபம்பைப் போலக் களகளவென்று சத்தமிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த கிராஃபைட் பைப்புகளும் நம் குடங்களைப் போலவே பல வண்ணங்களில் வந்தன! உங்கள் வீட்டுக் குடம் என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள்.

நன்மை இல்லாமலில்லை. புது மண்சட்டியைப் பழக்குவதுபோலப் புது பிரையரையும் நிதானமாகப் பழக்கி, உள்ளே கரிப்படலம் ஏற்றவேண்டும். கிராஃபைட் பைப்புக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. பிரைலானோ கனமானது, விரலைச் சுடும், அவசரமாக இழுத்தால் நாக்கையும் சுடும். எனக்குக் கொடுத்தால் வேண்டாம் என்பேன்.

பைப் எதில் செய்ததாக இருந்தாலும் உள்ளே எரிவது அதே புகையிலைதான். வாய்ப்புற்றுநோய் பிரையரா பிசினா என்று பார்த்து வருவதில்லை.

பழைய பொருள் சேர்ப்பவர் கையில் இப்படியொரு பைப் கிடைத்தால், உள்ளிருக்கும் கிராஃபைட் உறையைக் கத்தியால் சுரண்டாமல், பஞ்சு சுற்றிய கம்பியை வாயில் வைத்து இழுக்கும் குழலுக்குள் விட்டு ஈரத்தை எடுத்தால் போதும்.