நாலு மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவில்

பெரியோர்களே, தாய்மார்களே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம்.

'குடும்பமும் குழந்தை வளர்ப்பும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் யார் மேடையேறினாலும், கூட்டுக் குடும்பம் உடைந்தது, அதனால் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதுவும் திருப்பூரில் நின்றுகொண்டு அப்படிப் பேசுவது நியாயமே இல்லை.

இந்த ஊருக்குப் பிழைக்க வருகிறவர்கள் யார்? தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கம் மழை பொய்த்து வந்தவர்கள் ஒரு காலம். இப்போது ஒடிசா, பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். கணவன், மனைவி, ஒன்றிரண்டு பிள்ளைகள். குடியிருக்க லைன் வீடு, பெரும்பாலும் ஒரே அறை. அதில் அடுப்பும் பீரோவும் போக மிச்ச இடத்தில் நாலு பேர் படுக்க வேண்டும். அப்பத்தாவை ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்தாக வேண்டும். அவளுக்கும் அங்கே ரெண்டு ஆடு, ஒரு வீடு, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிறது. யாரும் பாசம் குறைந்து பிரியவில்லை.

சரி, இங்கே வந்தபிறகு ஒரு நாள் எப்படிப் போகிறது? பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு ஷிப்ட். ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிகிறது. ஆனால் அந்தச் சம்பளத்தில் வாடகையும் பாலும் வட்டியும் கட்டுப்படியாகாது. அதனால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அவசரம் என்றால் இரவு எட்டரைக்கு முன்னால் டெய்லரும் எழுந்திருக்க முடியாது, டெய்லருக்கு உதவியாக நிற்கிற கைமடியும் கிளம்ப முடியாது, செக்கிங்கில் நிற்கிற அம்மாவும் வீடு திரும்ப முடியாது. பள்ளிக்கூடமோ நாலு மணி சுமாருக்கு விட்டுவிடும்.

இந்த நாலரை மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப்போகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் தொங்கவிட்டு வரும் பிள்ளைகளை வகுப்புக்கு வகுப்பு பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பெல் அடித்ததும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொள்வாள். வீட்டைத் திறந்து, காலையில் வடித்த சோற்றில் தயிரை ஊற்றி அவனுக்குக் கொடுப்பாள். ஆறு மணி வாக்கில் டீ இடைவேளையில் அம்மா போன் பண்ணுவாள். 'சாப்டீங்களா, கதவைச் சாத்திக்கோ, யார் கூப்பிட்டாலும் திறக்காதே.' அவ்வளவுதான். அதற்குள் பெல் அடித்துவிடும். அப்புறம் எட்டரை வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் துணை போன்தான். அந்தப் போனைக் குறை சொல்லும் முன், அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

பழைய கூட்டுக் குடும்பத்திலும் பிள்ளையை வளர்த்தது 'குடும்பம்' என்கிற பொதுவான ஏதோ ஒன்று இல்லை. ஒரு கிழவி வளர்த்தாள், இல்லாவிட்டால் அக்காக்காரி வளர்த்தாள். தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற அந்த அக்காக்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை. நாம் இன்று ஏக்கத்தோடு பேசுகிற அந்த வாழ்க்கைக்கு அவர்கள்தான் விலை கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் பழம்பெருமை பேச எனக்கு மனம் வருவதில்லை.

அந்த அக்காவின் இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கியதில் பால்வாடிக்குப் பெரிய பங்கு உண்டு. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் சேர்த்தார். சின்னதுக்குப் பால்வாடியில் சோறும், பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவும் இருந்தால்தானே பெரியவள் பள்ளிக்குப் போக முடியும்? பிள்ளை வளர்ப்பில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

இன்னொரு இடத்துக் கதையும் சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒன்று. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் பலருடைய பெற்றோர் தோட்டத் தொழிலாளர்கள். வறுமை, குடி, வீட்டில் ஓயாத சண்டை என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தார்கள். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பேர் நல்லபடி தலையெடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த பலங்களில் முக்கியமான ஒன்று, நம்பி அண்டக்கூடிய பெரியவர் யாராவது ஒருவர் இருந்தது. பாட்டியோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒரு டீச்சரோ. எனக்கு இந்த ஆய்வின் மேல் மிகுந்த மரியாதை. வீட்டில் எத்தனை தலை என்பதைவிட, பிள்ளை ஓடிப்போய் நிற்க ஒரு ஆள் உண்டா என்பதுதான் கேள்வி என்று அது காட்டுகிறது.

லைன் வீட்டில் அந்த ஆள் சில நேரம் தானாகவே அமைந்துவிடுகிறது. வீட்டிலேயே பீஸ் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, வாசலில் உட்கார்ந்து நூல் பிசிர் எடுத்தபடியே ஐந்தாறு பிள்ளைகள் மேல் ஒரு கண் வைத்திருப்பார். ஒடியா பேசும் குழந்தையும் அந்த வாசலில்தான் தமிழ் கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த அக்கா வீடு மாறினால் எல்லாம் போச்சு. பிள்ளைகளின் பாதுகாப்பை இப்படி அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிட முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது? ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றார்கள். நல்ல சட்டங்கள். ஆனால் ஆறு வயது முடிந்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை? அதற்கு வேலை செய்யும் இடத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. என் மூன்றாம் வகுப்புப் பெண் அந்த இடைவெளியில்தான் சாவியோடு நின்றாள்.

அந்த இடைவெளியை நிரப்ப முடியும் என்பதற்கு அத்தாட்சி நம்மிடமே இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தெருவில் படித்த பெண்கள் தன்னார்வலர்களாக வந்து, மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கக் கொண்டுவந்த திட்டம் அது. நான் பார்த்த தெருக்களில் அது வேறொன்றையும் செய்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு அக்கா இருந்தார். ஒரு நாள் வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போனார்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் அவர்களை இழுப்பது சனிக்கிழமைச் சம்பளம். பக்கத்து வீட்டுப் பையன் புதுப் போனும் பைக்குமாகத் திரிகிறான். இவன் ஏன் கணக்குப் புத்தகத்தோடு உட்காருவான்? 'லீவில் மட்டும் போறேன் டீச்சர்' என்று போகிறவன் ஜூனில் திரும்பி வருவதில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வயதுக்காரனுக்கு, ஆபத்தான வேலைகள் தவிர, அந்தத் தடையும் இல்லை. அவனைத் தடுத்து நிறுத்தக்கூடியது, சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பேச நேரம் உள்ள ஒரு அப்பாதான்.

ஆமாம், அப்பா. இவ்வளவு நேரம் அம்மாவின் ஷிப்டைப் பற்றியே பேசினோம். தாய்மார்கள் தலையை ஆட்டிக் கேட்டீர்கள், அப்பாக்கள் பின்வரிசையில் கைகட்டி நிற்கிறீர்கள். வீட்டில் இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும்போது, வாரத்தில் இரண்டு நாளாவது ஒருவர் ஐந்தரைக்கே திரும்புவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கொஞ்சம் குறையும்தான். அதைத் தெரிந்தேதான் கேட்கிறேன்.

மற்றது ஊர் செய்ய வேண்டியது. இந்த நூலகக் கட்டடமே ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் இரண்டு வகுப்பறைகளை எட்டரை வரை விளக்குப் போட்டு வைக்கலாம். பார்த்துக்கொள்ள ஆளுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் வைக்க வேண்டும். இலவசமாகப் பார்த்துக்கொள்ள இன்னொரு அக்காவை நாம் தேடக்கூடாது. கம்பெனி முதலாளிகள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் உங்கள் காப்பகத்தில் சாயங்காலம் சேர்த்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

வாசகர் வட்டத்தில் இதற்கென்று நாலைந்து பேர் பெயர் கொடுங்கள். உங்கள் வார்டில் சாவியோடு வீடு திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் தெருத் தெருவாகக் கணக்கெடுப்போம். கையில் அந்தப் பட்டியலோடு மேயரைப் பார்க்க நானும் வருகிறேன்.